மேலே பிடிக்கிற கிளட்ச்



ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டும்வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. வால்பாறை ரோட்டில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. நாலாவதைத் திரும்பும்போதே என் மைத்துனர் முகம் மாறிவிட்டது. "மாமா, கிளட்ச் நெம்ப மேல புடிக்குதுங்க. காலை முழுசா எடுத்தாத்தான் வண்டி நகருது" என்றார். பொள்ளாச்சியில் டீக்கடை முன்னால் கிளப்பியபோது பாதி உயரத்தில் பிடித்த கிளட்ச் அது. ஆறாவது வளைவில் முக்கால் உயரம் வந்தது. எட்டாவதில் பெடல் தன் இடத்துக்கு வந்து முட்டும்போதுதான் வண்டி அசைந்தது. இஞ்சின் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை. கருகின பிரேக் லைனிங் வாடை போல ஒன்று உள்ளே வந்தது. பின் சீட்டில் இருந்த என் அத்தை, "ஏஞ்சாமி, யாரோ சாணி மூட்டம் போட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். நிறுத்தினோம். ஆழியாறு அணை கீழே தட்டு மாதிரி கிடந்தது. பாறைமேல் ரெண்டு வரையாடுகள் எங்களைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தன. அரை மணி நேரம் போயிருக்கும். திரும்ப வண்டியை எடுத்தால் கிளட்ச் பழையபடி பாதியில் பிடிக்கிறது! ஒன்றுமே நடக்காத மாதிரி. மைத்துனர் என்னைப் பார்த்தார், நான் வரையாட்டைப் பார்த்தேன். நோய்க்கான விடை அந்த அரை மணி நேரத்துக்குள்ளேயே இருந்தது. அது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்தி வால்பாறை போய்ச் சேர்ந்தோம்.

எங்கள் வீட்டு குவாலிஸ் 2004 மாடல். வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், பழனிக்கு மொட்டை என்றாலும் அதுதான். ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிளேட் போயிருச்சுங்க சார். கியர் பாக்ஸை எறக்கி செட்டா மாத்தீரலாம்" என்று பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், லேபர். கூட்டிப் பார்த்தபோது அந்த மாதம் எங்கள் பத்திரிகைக்குப் பேப்பர் வாங்கிய கணக்கு நினைவுக்கு வந்தது.

எழுதிக் கொடுத்த மெக்கானிக் பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம்மில் பாதிப் பேர் கிளட்ச்சைக் கற்றுக்கொண்டது மாருதி 800-ல். 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை ஓடிய அந்த வண்டிக்கு கேபிள் கிளட்ச். அதில் பிளேட் தேயத் தேயப் பெடலில் இருக்கும் 'பிளே' குறையும், பிடிக்கிற இடம் மேலே மேலே ஏறும். கேபிள் முனையில் உள்ள நட்டைத் தளர்த்திக் கொஞ்சம் பிளே கொடுப்போம். தளர்த்த இடமில்லாமல் போனால் பிளேட் முடிந்தது என்று கணக்கு. முப்பது வருசம் இதே கணக்கு சரியாக வந்ததால், 'கிளட்ச் மேலே பிடித்தால் பிளேட் போச்சு' என்பது தாய்ப்பாலோடு வந்த பாடமாகிவிட்டது.

எங்கள் குவாலிஸ் போன்ற ஆயில் கிளட்ச் வண்டிக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

பெடலை மிதித்தால் மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் நகர்கிறது. அது தள்ளும் ஆயில் குழாய் வழியாகக் கீழே கியர் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. அங்கே இன்னொரு பிஸ்டன் ஒரு கம்பியைத் தள்ள, கம்பி ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் பேரிங்கைத் தள்ள, பிரஷர் பிளேட் விலகி கிளட்ச் விடுபடுகிறது. 1795-ல் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கிய அதே ஹைட்ராலிக் பிரஸ் தத்துவம்தான். நம் ஊர் ஜின்னிங் ஃபேக்டரிகளில் பஞ்சை பேலாக அமுக்கும் பிரஸ்ஸும் இதற்குப் பங்காளி.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு பொத்தல். மாஸ்டர் சிலிண்டரின் சுவரில், ஆயில் டப்பாவுக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஊசித் துளை ஒன்று இருக்கிறது. கால் பெடலில் இல்லாதபோது பிஸ்டன் முழுசாகப் பின்னுக்கு வந்து அந்தத் துளையைத் திறந்துவிட வேண்டும். மிதித்த உடனே பிஸ்டனின் ரப்பர் துளையைத் தாண்டி அடைத்துவிடும், அப்புறம்தான் அழுத்தம் பிறக்கும். காலை எடுத்தால் மறுபடி திறக்கும். பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஸ்லேவ் பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும். அப்படித் தள்ளப்பட்ட ஆயில் இந்தத் துளை வழியாக டப்பாவுக்குத் திரும்பிவிடும். அதனால் பிளேட் தேய்ந்தாலும் பிடிக்கிற இடம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். நாம் நட்டைத் திருக வேண்டியதில்லை, வண்டி தானே சரிசெய்து கொள்கிறது. கடைசிக் காலத்தில், பிளேட் நடுவிலுள்ள அலைத் தகடு தட்டையாகிப் போனபிறகு, கொஞ்சம் மேலே ஏறும்தான். ஆனால் அதற்குள் மேட்டில் வழுக்க ஆரம்பித்திருக்கும்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். பிரேக்கில் லைனிங் தேயத் தேய டப்பாவில் ஆயில் இறங்கும். கிளட்ச்சுக்குத் தனி டப்பா உள்ள வண்டியில் பிளேட் தேயத் தேய ஆயில் ஏறும். இருபது வருசமாக வண்டி வைத்திருக்கும் எனக்கே இது போன மாதம்தான் தெரிந்தது.

எஸ்டிமேட் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சிங்காநல்லூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போனேன். அந்தக் காலத்தில் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடின பிறகு ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை. போர்டு கிடையாது. வேப்பமரத்தடியில் நாலு வண்டி நின்றால் அதுதான் அடையாளம். நான் 'பிளேட் போச்சாம்ங்க' என்று ஆரம்பித்தேன்.

"அதை அப்பறம் பாப்போம். எப்பருந்து இப்படி?"

"மூணு மாசமா இருக்குங்."

"அதுக்கு முன்னாடி ஆரு கை வெச்சாங்க?"

யோசித்தேன். மாஸ்டர் சிலிண்டரில் ஒழுகுகிறதென்று ஓரிடத்தில் புதிது மாற்றியிருந்தோம். அதைச் சொன்னேன்.

"காலைல நல்லா இருக்குது, ஓட ஓட மேல ஏறுது, நிறுத்தி வெச்சா எறங்கீருது. அப்படித்தானே?"

நான் வரையாட்டு நேரத்தைச் சொல்லவே இல்லை. அவராகவே கேட்டார்.

வண்டியை அவரே எடுத்துக்கொண்டு திருச்சி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் நன்றாகச் சூடாக்கிக் கொண்டு வந்தார். ஓடுகிற ஓட்டத்தில் டாப் கியரில் 40-ல் வைத்து ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டியின் வேகம் அப்படியே நின்றால் வழுக்குகிறது என்று அர்த்தம். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டிக்குக் காது போதும். வழுக்கத்தான் செய்தது. "இதை ஒருக்கா பண்ணுனாப் போதும், திருப்பித் திருப்பிப் பண்ணுனா நல்ல பிளேட்டும் கருகிப் போயிரும்" என்றார். கொட்டகைக்குத் திரும்பி, கீழே சாக்கை விரித்துப் படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டார். ஒரே ஒரு விரலால் கிளட்ச் பெடலைத் தொட்டு அழுத்தினார். விரல் நகரவில்லை. எடுத்த எடுப்பிலேயே கெட்டியாக இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்து, "நீங்க அமுக்கிப் பாருங்" என்றார். ஆயில் கிளட்ச்சில் பெடலைத் தொட்டதும் விரல் கனத்துக்காவது வெறுமனே ஆட வேண்டும். பிஸ்டன் துளையைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கிறது என்பதற்கு அந்த ஆட்டம்தான் சாட்சி. எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலில் இருக்கும். எங்கள் வண்டியில் நூலளவும் இல்லை.

அடுத்து அவர் செய்ததை நான் கிட்டத்தில் பார்த்தேன். வீலுக்குக் கட்டை வைத்துவிட்டு வண்டிக்கடியில் போனார். ஸ்லேவ் சிலிண்டரில் ஏர் எடுக்கிற நிப்பிள்மேல் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, ஒரு சின்னத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, 10-ஆம் நம்பர் ஸ்பேனரில் கால் திருகு திருகினார். பெடலை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் 'சர்ர்' என்று ஆயில் பீச்சியது. ஃபோர்க் கம்பி அரை விரல் அளவு பின்னுக்குப் போனதை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். நிப்பிளை மூடிவிட்டு, "இப்ப எடுத்து ஓட்டுங்" என்றார். கிளட்ச் பாதியில் பிடித்தது.

அதாவது காலை எடுத்த பிறகும் குழாய்க்குள் அழுத்தம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. யாரோ சதா காலமும் பெடலை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். சூட்டில் ஆயில் விரியும். விரிந்த ஆயில் டப்பாவுக்குப் போக வழியில்லை, துளை அடைத்திருக்கிறது. அது ஸ்லேவைத் தள்ளும், கிளட்ச் அரைகுறையாக விலகும், மேலே பிடிக்கும், மேட்டில் வழுக்கும். ஒன்பதாவது வளைவில் நிறுத்தினபோது ஆயில் ஆறிச் சுருங்கியது, கிளட்ச் கீழே இறங்கியது. அத்தைக்குச் சாணி வாடை, எனக்கு வரையாடு.

அழுத்தம் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவும் வழி சொன்னார். மறுபடி சூடாகி மேலே ஏறும்போது இந்த முறை கீழ் நிப்பிளை விட்டுவிட்டு, மேலே மாஸ்டரில் குழாய் சேரும் யூனியன் நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அங்கே தளர்த்தியதும் கிளட்ச் இறங்கினால் கோளாறு மாஸ்டரிலோ பெடல் கம்பியிலோ. அங்கே தளர்த்தியும் இறங்காமல், கீழே நிப்பிளைத் திறந்தால் மட்டும் இறங்கினால் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஊதிப் போயிருக்கும். காலால் அமுக்கும் ஆயிலைக் கீழே விடும், திரும்பி வர விடாது. ரெண்டு இடத்தில் திறந்தும் ஒன்றும் மாறவில்லை என்றால், அப்போதுதான் பிளேட், பிரஷர் பிளேட், ஃபோர்க் என்று இரும்புப் பக்கம் திரும்ப வேண்டும். கியர் பாக்ஸை இறக்கும் பேச்சு அதற்கு அப்புறம்.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் தோட்டத்துக் கிணறு ஞாபகம் வந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் நம் பக்கத்தில் எந்த விவசாயியும் மோட்டாரைக் கழற்ற மாட்டார். ஃபுட் வால்வு பிடிக்கிறதா, பைப்பில் காற்று இழுக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பம்ப் செட் ஊர்க்காரனான நான், வண்டி என்று வந்ததும் அந்தப் புத்தியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஃபுட் வால்வு ஒழுகிக் காற்று புகுந்தால் பைப்பில் தண்ணீர் நிற்காததைப்போல, கிளட்ச் லைனில் காற்றுப் புகுந்தால் பெடல் பஞ்சாகி, தரையோடு பிடிக்கும், கியர் கர்ரென்று கத்தும். எங்களுடையது அதற்கு நேர்மாறான நோய், வால்வு திறக்காமலே போன கதை.

பெரியவர் பெடலுக்குப் பின்னாலிருந்த கம்பியின் லாக் நட்டைத் தளர்த்தினார். 12-ஆம் நம்பர் ஸ்பேனர், இடம் போதாமல் மூன்று முறை நழுவியது, ஒரு முறை கெட்ட வார்த்தையும் வந்தது. புது மாஸ்டர் மாட்டினபோது கம்பியை நீளமாக விட்டு முறுக்கியிருக்கிறார்கள். பெடல் நன்றாக மேலே நிற்கட்டும் என்ற நல்லெண்ணமாகக்கூட இருக்கலாம். ஒண்ணரைச் சுற்று உள்ளே விட்டார். விரல் கனத்துக்கு ஆட்டம் வந்தது. அப்புறம் பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவின் மூடியை எடுத்துவிட்டு, என்னைப் பெடலை மிதித்துச் சட்டென்று விடச் சொன்னார். "இங்க வந்து பாருங்" என்று கூப்பிட்டார். அவர் மிதித்து விட்டார். ஆயிலின் மேல் ஒரு சின்னச் சுழிப்பு, கொப்பளிப்பு. துளை திறந்துவிட்டது என்று அர்த்தமாம். முன்னால் பார்த்திருந்தால் அந்தக் கொப்பளிப்பு இருந்திருக்காது.

ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். காப்பிக் கஷாயம் நிறம். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் நாம் ஊற்றுகிற டாட் 3 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் கொண்டது. ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அவசரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிற பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இஞ்சின் ஆயிலையோ டப்பாவில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். உள்ளே உள்ள ரப்பர் கப் ஊதி, அதுவே துளையை அடைத்துவிடும். அப்புறம் கம்பியை எத்தனை சுற்றுத் திருகினாலும் தீராது, மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, பெயின்டில் இந்த ஆயில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். என் வண்டி ஃபெண்டரில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வழுக்கை விழுந்திருக்கிறது.

பழைய வண்டிக்காரர்கள் ஸ்பேனர் எடுக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. கிளட்ச் மேலே பிடிக்கும்போது செருப்பு நுனியைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்குங்கள். தூக்கினதும் சரியாகிவிட்டால், பெடலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது புஷ் காய்ந்து இறுகியிருக்கிறது. பெடல் முழுசாகத் திரும்பாததால் துளை திறக்கவில்லை. புஷ் மட்டும் என்றால் கிரீஸ் வைத்தாலே போதும்.

கோவையில் இந்த மாதிரிக் கை வைத்தியம் வளர்ந்ததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு மயங்கி, கோவை ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார், வாங்கிக் கழற்றிப் பூட்டினார் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ் விட்டவர், பிற்பாடு பெரிய பஸ் கம்பெனியே நடத்தினார். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கி இன்று ஜிசிடி ஆகியிருக்கும் கல்லூரியில், இஞ்சினியருக்கு நாலு வருசப் படிப்பு எதற்கு என்று சண்டை போட்டு ஒதுங்கியவரும் அவர்தான். அந்தச் சண்டையில் நான் முழுக்க அவர் கட்சி இல்லை. பிராமாவின் கணக்கைத் தெரிந்துகொள்ள நாலு வருசம் தப்பில்லை. ஆனால் விரலை வைத்து ஆட்டம் பார்க்கிற பாடம் எந்த செமஸ்டரில் வருகிறது என்று ஜிசிடியில் படித்த வாசகர்கள் எழுதினால் பிரசுரிக்கிறேன்.

ஓட்டுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. செட்டிப்பாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, நரேன் கார்த்திகேயன் நம் ஊர்க்காரர். அதனால் ஆளாளுக்குக் காலில் ரேஸ் ரத்தம் ஓடுகிறது, சரி. ஆனால் கியர் போட்டு முடித்த பிறகும் இடது காலைப் பெடல்மேலேயே வைத்துக்கொண்டு காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை போகிறவர்கள் ரேஸ்காரர்கள் இல்லை. கால் கனத்துக்கே அந்தத் துளை அடைபடும். எங்கள் மாஸ்டர் கம்பி செய்த வேலையை இவர்கள் காலாலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். என் மைத்துனரைச் சொல்கிறேன் என்று அவர் இதைப் படித்தால் நினைத்துக்கொள்ளக் கூடும். நினைத்துக்கொள்ளட்டும்.

பெரியவர் வாங்கினது ஆயிலுக்கும் அரை நாள் கூலிக்கும் உண்டான காசு. எஸ்டிமேட் பேப்பரைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கம் 'கம்பி 1½ சுத்து உள்ள' என்று பென்சிலில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். வண்டியின் டேஷ்போர்டில் ஆர்.சி. புக்கோடு அது இருக்கிறது.

கிளம்பும்போது ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "மூணு மாசம் பேரிங் அழுந்திக்கிட்டே ஓடியிருக்குதுங். பெடலை மிதிச்சா ஒரு 'உய்'னு சத்தம் வருது பாருங், அது பேரிங்தான். இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம். சத்தம் எச்சாச்சுன்னா வாங்க, கியர் பாக்ஸை எறக்கிக்கலாம். அன்னிக்கு பிளேட்டையும் பாத்து, வேணும்னா மாத்திக்கலாம்."

போன வாரம் மறுபடி வால்பாறை போனோம். 40 வளைவும் ஏறி, கிளட்ச் பாதியிலேயே பிடித்தது. 'உய்' சத்தம் இருக்கிறது. முப்பதாவது வளைவில் கொஞ்சம் கூடின மாதிரி எனக்குப் பட்டது. மைத்துனர் இல்லை என்கிறார். அத்தைக்கு எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்